கதைக்குள் போன எங்கள் பெண்கள்

யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கு நாவல் வாசிப்பது நெடுங்காலம் ஒளித்துச் செய்யும் வேலையாகவே இருந்தது. பாடப்புத்தகத்துக்குள் வைத்து வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், எம்மிற் பாதிப்பேராவது கையை உயர்த்துவோம். வாசித்து முடிந்ததும் முதல் வேலை ஆளைத் தேடுவது. 'இது அந்த வீட்டு மாமியெல்லே', 'இது எங்கட ரீச்சர்தான்' என்று கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு விடுதியில் வேறு கதை இல்லை.

அப்படி ஆள் தேடக்கூடிய நாவல் எங்களுக்குக் கிடைத்ததே சற்றுப் பிந்தித்தான். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் எனப்படும் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது. அதன் கதை எகிப்தில் நடக்கிறது. 1895 இல் வந்த 'மோகனாங்கி' நாயக்க மன்னர் காலத்தைச் சொல்வது. 1914 இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியபோதுதான் ஒரு பெண்ணின் கையால் எங்கள் வீட்டு விறாந்தையும் அடுப்படியும் கதைக்குள் வந்தன. தலைப்பு 51ஆம் சங்கீதத்தை நினைவூட்டுவது. உள்ளே இருப்பதோ கலியாணம், சீதனம், கணவன் வீட்டில் வாய்திறவாமல் துன்பப்படும் மனைவி. அந்த மனைவிக்கு உண்மையில் என்ன பெயர் என்று அன்றைய வாசகிகள் தேடியிருப்பார்கள் என்றே நினைக்கிறோம். ஒரு பெயர் போதாமலும் இருந்திருக்கும். உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824 இல் தொடங்கியது. தொண்ணூறு ஆண்டுப் பெண்கல்விக்குப் பின்னும் அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள் என்பது யோசிக்க வேண்டிய விடயம்.

1972 இல் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில், தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் தடுக்கப்பட்டவர்களைக் கதைமாந்தராக்கினார். எங்களிற் பலருக்கு அந்தப் புத்தகம் வீட்டில் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

நாம் அதிகம் சொல்ல விரும்புவது அண்மைய நாவல் ஒன்றைப் பற்றி. யாழ்ப்பாணத்து வேர்களுடன் அமெரிக்காவில் வளர்ந்த வி. வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' 2023 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே கரோல் ஷீல்ட்ஸ் பரிசும் பெண்களுக்கான புனைகதைப் பரிசும் அதற்குக் கிடைத்தன. கதையைச் சொல்பவள் சசி. டொக்டராக வர ஆசைப்படும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளுக்கு மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் படிப்பிப்பவர் அஞ்சலி. அந்தப் பெயரைக் கண்டதும் எங்களிற் பலர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் இருந்தோம். ஏனெனில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகமவை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. 'முறிந்த பனை'யை எழுதிய நால்வருள் ஒருவர் அவர். எல்லாத் தரப்பினரதும் வன்முறையைப் பெயர் சொல்லிப் பதிந்தவர். 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 35.

நாவலாசிரியர் அவரைக் கதைசொல்லியாக்கவில்லை. ஒரு மாணவியின் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கே காட்டுகிறார். காயப்பட்ட போராளிகளுக்கு மருந்து கட்டி, பிறகு கேள்வி கேட்கத் தொடங்கிய ராஜினியின் வாழ்க்கையில் ஒரு பங்கு அஞ்சலிக்குப் போக, இன்னொரு பங்கு சசிக்குப் போயிருப்பதாக எமக்குப் படுகிறது. ஒரு மனிதரை இரண்டாகப் பிரித்தால்தான் நாவலுக்குள் கொள்வார் போலும். அயல்வீட்டுப் பெடியன் 'கே'யும் அப்படியே. 1987 செப்டெம்பரில் நல்லூரில் பன்னிரண்டு நாள் உண்ணாவிரதமிருந்து இறந்த திலீபனை அவனிற் காணாத யாழ்ப்பாணத்தார் இருக்கமாட்டார்கள். ஆனால் சசி சுடுநீர் பட்டுத் துடிக்கையில் ஓடிவந்து முட்டை உடைத்து ஊற்றும் 'கே', சுவரொட்டிகளில் நாம் பார்த்த திலீபன் அல்ல. அங்கேதான் நாவல் தன் வேலையைச் செய்கிறது.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. வெளிநாட்டிலுள்ள எங்கள் சங்கக் கிளையொன்றில் இந்நாவலைப் பற்றிக் கதைத்த மாலை, தேத்தண்ணி ஆறும்வரை வாக்குவாதம். 'அவ அப்படிக் கதைக்க மாட்டா. செத்தவவின் வாயில வசனம் வைக்க இவைக்கு ஆர் உரிமை குடுத்தது?' என்றார் ஓர் அக்கா. அவரது கேள்வியைத் தட்டிவிட முடியாது. உண்மையானவரை அறிந்தவர்கள் போனபின், அஞ்சலிதான் ராஜினி என்று ஆகிவிடவும் கூடும். மற்றொருவர் சொன்னார்: 'என்ர மகள் முறிந்த பனையைத் தொட்டதே இந்த நாவலை வாசிச்ச பிறகுதான். நான் முப்பது வருசமாச் சொல்லேல்லை.'

அவ சொன்ன கடைசி வசனத்துக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லாமலிருந்தவர்களே. ராஜினியைப் பற்றி 2005 இல் வந்த ஆவணப்படத்தில், தாயின் பாத்திரத்தில் மகள் சாரிகாவே நடித்தார். அதையும் எங்களிற் பலர் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தோம்.

அந்த மகள் கடந்த நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது, முதலிற் பார்க்கக் கேட்டது கோயிலையல்ல, மருத்துவபீடப் பக்கத்து வீதியை. எங்களில் இருவர் கூட்டிக்கொண்டு போனோம். வெயில். ஒரு ஓட்டோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். 'அன்ரி, எந்த இடம்?' என்று கேட்டாள். நாங்கள் கையைக் காட்டினோம். ஒருவர் காட்டிய இடமும் மற்றவர் காட்டிய இடமும் ஒன்றாயிருக்கவில்லை.