சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: ஒரு வகுப்பறைப் பாடம்



வெளிநாட்டுக் கொள்கை, இராசதந்திரம் என்னும் சொற்களைக் கேட்டவுடன் தலைநகரங்களின் மாளிகைகளும் அங்கு கூடும் பிரதமர்களுமே நம் கண்முன் தோன்றுவது வழக்கம். முள்ளியவளையில் உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் பயிலும் எம் மாணவரும், இது தம் வாழ்வோடு ஒட்டாத பாடம் என்றே முதலில் எண்ணுவர். அவ்வெண்ணத்தை நீக்க நான் எடுத்தாளும் சான்று, 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் நிறைவேறிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமாகும்.

கோப்பித் தோட்டங்களிலும், பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் உழைப்பதற்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் சந்ததியார், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றவராயினர். அவர்கள் இந்தியர் என்றது இலங்கை. இலங்கையையே தாயகமாகக் கொண்டவர்கள் என்றது நேருவின் அரசு. 1954ஆம் ஆண்டின் நேரு–கொத்தலாவலை உடன்பாடும் இவ்வழக்கைத் தீர்த்துவைக்கவில்லை.

1962இல் சீனப் போர் மூண்டது. 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். அயல்நாடுகளின் நட்பு இந்தியாவுக்கு இன்றியமையாததாயிற்று. இந்நிலையிலேயே சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கடிதப் பரிமாற்றத்தின் வழியே உடன்பாடு கண்டனர்.

அதன் கணக்கு எளியது. நாடற்றோர் ஏறத்தாழ 975,000 பேர். அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்க வேண்டும். எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். ஏழுக்கு நான்கு என்னும் விகிதத்தில் மனிதர் பங்கிடப்பட்டனர்.

அரசுகளின் கணக்கு அவ்வாறிருக்க, மக்களின் விருப்பமோ வேறாயிருந்தது. விண்ணப்பம் கோரப்பட்டபோது இந்தியாவை நாடியோர் தொகை குறித்த இலக்கை எட்டவில்லை. இலங்கையை நாடியோரோ, ஒதுக்கப்பட்ட தொகையின் இருமடங்குக்கும் மேற்பட்டனர். பிறந்து வளர்ந்து உழைத்த மண்ணை எவர்தாம் எளிதில் துறப்பர்?

இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிய ஒருநாள், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய பல குடும்பங்களுள் அவளுடையதும் ஒன்று. தன் பாட்டனார் இந்த மூன்று தொகைகளுள் எதனுள் அடங்குவார் என்று வினவினாள். வகுப்பு அமைதியாயிற்று. என்னிடம் விடை இல்லை; வீட்டிற் சென்று பெரியோரைக் கேட்டு வருமாறு சொன்னேன். மறுநாள் அவள் கொணர்ந்த விடை இதுதான்: பாட்டனார் இலங்கைக்கு விண்ணப்பித்தார், அவருடைய தமையனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்துத் தலைமன்னாரில் கப்பலேறினார், அதன்பின் இருவரும் சந்திக்கவேயில்லை. அன்றுமுதல் அவ்வகுப்பில் வெளிநாட்டுக் கொள்கையை அந்நியமான பாடமென எவரும் கருதியதில்லை.

எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றது. பயணம் போக வேண்டியோர் பலர் இங்கேயே தங்கினர். 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களே எஞ்சியோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையை வழங்கின. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் உரியது. மக்களைப் பங்கிட்ட அதே நாள், நெடுங்காலத்தின் பின் அவர்களின் உரிமைக்கு அளவுகோலாயிற்று.

ஆகவே, இராசதந்திரம் பயிலும் இளைஞர் ஒவ்வோர் ஒப்பந்தத்திடமும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். கைச்சாத்திட்டோர் யாவர்? அவர்கள் அடைந்த பயன் யாது? அதில் எண்ணப்பட்ட மக்களிடம் எவரேனும் கேட்டனரா? முதலிரண்டுக்கும் நூல்கள் விடை தரும். மூன்றாவதற்கு விடை காண, நம் அயல்வீட்டுத் திண்ணைக்குத்தான் செல்ல வேண்டும்.