வீட்டு வாசலில் தொடங்கும் ஓட்டம்

"ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கு?"

நம்ம திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கேள்வி கேட்காத தெரு குறைவு. ஐந்தாம் வகுப்பு வரை பையன்களையே முந்துகிற பிள்ளை, வயதுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து மாயமாகி விடுவாள். அப்புறம் விளையாட்டு விழா என்றால் அவளுக்கு லெமன் ஸ்பூனும் மியூசிக்கல் சேரும்தான். இத்தனைக்கும் 19-ம் நூற்றாண்டிலேயே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கண்ட பாளையங்கோட்டை இருக்கிற ஊர் இது!

நம்ம ஊரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அதில் பெரும்பகுதி மிகைப்படுத்தல் என்று பின்னால் தெரிய வந்தது. ஆனால் அதற்குள் தீர்ப்பு எழுதியாகி விட்டது. 1960 வரை, அதாவது 32 வருடங்கள், ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்குத் தனிநபர் ஓட்டமே கிடையாது. பெண்கள் மாரத்தான் 1984-ல்தான் வந்தது.

இந்தப் பின்னணியில்தான் பக்கத்து மாநிலமான கேரளாவில் ஓ.எம்.நம்பியார் என்கிற மனிதர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். விமானப் படையில் பணியாற்றி விட்டுப் பயிற்சியாளரானவர். 1976-ல் கேரள அரசு கண்ணூரில் மாணவிகளுக்காக விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது, அங்கே பயிற்சி கொடுத்தவர் இவர். அவரிடம் வந்து சேர்ந்த ஒல்லியான பள்ளிச் சிறுமிதான் பி.டி.உஷா. அந்தப் பிள்ளையின் வேகமான நடையைப் பார்த்தே, இவள் ஓடுவாள் என்று கணித்ததாக நம்பியார் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இரண்டே வருடம். 1978-ல் கொல்லத்தில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான ஜூனியர் போட்டியில் உஷா ஆறு பதக்கங்கள் வாங்கினார். அதன் பிறகும் நம்பியார் விடவில்லை. பய்யோளி கடற்கரை மணலில் ஓட வைத்தார். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, உஷாவை அதற்குத் தயார் செய்தார். அரையிறுதியில் உஷா முதலிடம். இறுதியில் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனைக்கு 55.41. விநாடியில் நூறில் ஒரு பங்கு! உஷாவின் சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் ஏழு சென்டிமீட்டர். என்னை மாதிரி காமர்ஸ் படிக்கிறவர்கள் பேலன்ஸ் ஷீட்டில் கண்டுகொள்ளாமல் விடும் அளவு.

அந்த ஏழு சென்டிமீட்டரைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய எட்டு வருடம். அத்தனை காலமும் ஒரு பயிற்சியாளர் ஒரு கிராமத்துப் பெண்ணோடு கூடவே நின்றாரே, அதுதான் இந்தியாவில் புதுசு. 1985-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் உஷாவுக்கு ஐந்து தங்கம். அதே வருடத்துக்காக முதன்முதலாக அறிவிக்கப்பட்ட துரோணாச்சாரியார் விருதைப் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே வருடம் ஆகஸ்டில் அவர் காலமானார்.

சங்கிலி அங்கே அறுந்து விடவில்லை. உஷா 2002-ல் தன் பெயரிலேயே தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூக்கா, 2010-ல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்தார். 1928-ல் "பெண்களால் முடியாது" என்றார்களே, அதே 800 மீட்டர்!

நம்ம பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. மதுரைக்குப் பக்கம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி, அப்பா அம்மாவை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். பள்ளிப் போட்டி ஒன்றில் அவர் வெறுங்காலோடு ஓடுவதைக் கண்ணன் என்ற பயிற்சியாளர் பார்த்தார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் வீட்டுக்கே போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினார். கல்லூரியிலும் விடுதியிலும் இடம் கிடைக்க வழி செய்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ரேவதி ஓடினார்.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். கால்களில் வேகம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்க்க ஒரு கண் தேவைப்பட்டது. பெற்றவர்களோ பாட்டியோ நம்பி அனுப்ப ஒரு பொறுப்பான ஆள் தேவைப்பட்டார். தங்க இடம், சாப்பாடு, படிப்பு மூன்றும் பயிற்சியோடு சேர்ந்து தேவைப்பட்டன. ஷூவும் ஸ்டாப் வாட்சும் அதற்கப்புறம்தான்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் வாய்க்கால் வரப்பில் ஓடுகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமா என்ன? அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பில் மைதானத்தை விட்டுப் போகும்போது, "ஏன் வரலை?" என்று கேட்டு வீட்டுக்குப் போகிற ஒரு பி.டி. டீச்சர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தால் போதும். ஓட்டத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.