கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு ஓடு

கோவையை ஒட்டிய மதுக்கரையிலும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அரியலூரிலும் இருக்கிறது. இரண்டும் சிமெண்டுக்காக வெட்டப்பட்டவை. ஆனால் மதுக்கரைக் கல்லை உடைத்துப் பார்த்தால் மினுங்கும் கால்சைட் படிகங்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. நிலத்தின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மறுபடி படிகமான கல் அது. சுண்ணாம்பால் ஓடு கட்டும் நுண்ணுயிர்கள் கடலில் தோன்றும் முன்பே படிந்தது என்பதால், அதில் ஓடு இருந்திருக்கவும் வழியில்லை. கொங்கு நாட்டின் பாறைகள் பெரும்பாலும் இந்த வகைதான்: நைஸ், சார்னகைட், கருங்கல். பழைய கடலைத் தேடுகிறவர்கள் காவிரியோடு கிழக்கே இறங்கி, திருச்சி தாண்டிப் போகவேண்டும்.

அங்கே, அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிடக்கும் ஓர் ஓட்டின் கதை இது. பார்க்க மைசூர் பருப்பு மாதிரி இருக்கும்; சில மில்லிமீட்டர் அகலம், நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. ஃபொராமினிஃபெரா என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. நிலவியல்காரர்கள் பேச்சில் சுருக்கமாக ஃபோரம்.

ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில், அது உயிரோடிருந்தது. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, தனி நிலமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இன்றைய அரியலூர் அந்நிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஆழமில்லாத கடலடி. கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் அங்கே படுகை படுகையாக வளர்ந்தன. அவற்றினிடையே இந்த உயிரும். உடல் முழுவதும் ஒரே ஒரு செல். கடல்நீரில் கரைந்திருந்த கால்சியத்தை எடுத்து முதல் அறையைக் கட்டியது, அதையணைத்து இரண்டாவதை, பிறகு அவற்றைச் சுற்றி வளையம் வளையமாக நூற்றுக்கணக்கான சிற்றறைகளை. இன்று வாழும் பெரிய ஃபோரம்கள் தம் உடலுக்குள் பாசிகளைக் குடிவைத்து வளர்க்கின்றன. இதுவும் அப்படியே வாழ்ந்தது என்று கொள்வதால்தான், இந்த ஓடு கிடைக்கும் இடத்தை வெயில் எட்டிய தெளிந்த ஆழமற்ற கடல் என்று சொல்ல முடிகிறது.

ஃபோரம் இனப்பெருக்கம் செய்யும்போது தாயின் செல் முழுவதுமே குஞ்சுகளாகப் பிரிந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது காலி ஓடு. அதன்மேல் மற்ற ஓடுகளின் தூளும் சேறும் மணலும் படிந்தன. அந்த மணலுக்காகத்தான் கொங்குக்காரர்கள் இந்தக் கதையை நம் கதையாகப் படிக்கலாம் என்கிறேன். அரியலூர்ப் படிவுகளின் மணல், கடலுக்கு மேற்கே உயர்ந்து நின்ற நைஸ், சார்னகைட் நிலம் தேய்ந்து வந்தது. நம் ஊர்ப் பாறையும் அதே குடும்பம்.

கடல் பின்வாங்கியது, மேலே இருந்த படிவுகள் அரித்துப்போயின, ஓடு மறுபடி வெயிலைப் பார்த்தது. இந்தப் பகுதியின் புதைபடிவங்களை 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் சேகரித்தார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மொராவியாவில் பிறந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டாலிட்ஸ்கா இவற்றின் உயிரெச்சங்களைப் பற்றி ஏறத்தாழப் பத்தாண்டுகள் எழுதினார். 1873இல் வந்த கடைசிப் பகுதியில் ஃபோரம்களுக்கும் குறிப்பு எழுதினார். மறு ஆண்டே லடாக் மலைப்பாதையில் இறந்துபோனார்.

இப்போது கல்லங்குறிச்சிக் கல்லுக்கு இரண்டு வழி. பெரும்பாலானது ஆலைக்குப் போகிறது. அரைபட்டு, களிமண்ணோடு சேர்ந்து, சுமார் 1,450 டிகிரி வரை சூடேறும் சூளையில் உருளும்போது கால்சைட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போய்விடும். அறை, வளையம், ஒற்றைச் செல் உட்கார்ந்திருந்த குழி எல்லாம் அத்தோடு முடிந்தது. மிச்சம் சிமெண்ட் மூட்டையாகி லாரியில் ஏறுகிறது. அரியலூர்ச் சிமெண்டால் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள் இந்தக் கடலடியின் ஒரு பங்கைச் சுவரில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி ஆய்வுக்கூடத்துக்கு. அதில் போகும் கல் மிகக் கொஞ்சம். இந்த ஓடு அதில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை பென்சிலும் நோட்டும்தான். எந்தக் குவாரி, எந்தப் படுகை, அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று குறித்து, அதே எண்ணைப் பையிலும் எழுதவேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் குறைவு. அது எந்தக் காலத்தின் சாட்சி என்று சொல்ல ஆள் இருக்காது.

களிமண்ணாக இருந்தால் வேலை எளிது. காரை என்னும் ஊர்ப்பகுதிக் களிமண்ணை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, ஈரமான மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொரு ஓடாக ஒற்றி எடுக்கலாம். கல்லங்குறிச்சிக் கல் அப்படி இளகாது. அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, கார்போரண்டம் பொடியில் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கொண்டுவரவேண்டும். அப்போதுதான் ஒளி ஊடுருவும்.

இந்த ஓட்டின் பெயர் அதன் முகத்தில் இல்லை. ஆர்பிட்டாய்டஸ், லெபிடார்பிட்டாய்டஸ் இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் சிறு பருக்கள் நிறைந்த வட்டங்கள். நட்டநடுவில், கரு எனப்படும் முதல் அறைகள் இருக்கும் தளத்திலேயே வெட்டு விழவேண்டும். தடித்த சுவருக்குள் பல வேளை நான்கு அறைகள் அடங்கிய கரு என்றால் ஆர்பிட்டாய்டஸ். 1848இல் அல்சிட் தோர்பிஞி வைத்த பெயர். மெல்லிய சுவரோடு இரண்டே அறைக் கரு, பக்கவாட்டில் தெளிவான சிற்றறை அடுக்குகள் என்றால் லெபிடார்பிட்டாய்டஸ். 1907இல் சில்வெஸ்ட்ரி பிரித்தது. வெட்டு கொஞ்சம் சாய்ந்தாலோ, தேய்ப்பு ஒரு நூலிழை கூடினாலோ கரு போய்விடும். அடுத்த ஓட்டை எடுக்கவேண்டியதுதான்.

இந்தக் கூட்டத்துக்கே ஃபொராமினிஃபெரா என்று 1826இல் பெயர் கொடுத்தவரும் தோர்பிஞிதான். கண்ணுக்கு எட்டாத ஓடுகளைப் பிறர் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்று பெரிதாக்கி அச்சு மாதிரிகள் செய்துகொடுத்த மனிதர் அவர். ஆனால் அவற்றைக் கணவாய், ஆக்டபஸ் வகையின் சின்னஞ்சிறு உறவு என்று எண்ணினார். ஒற்றைச் செல் உயிர் என்று 1835இல் துஜார்தன் காட்டினார்.

ஒரே இனத்துக்குள்ளேயே பெரிய முதல் அறை உள்ளவை, மிகச் சிறிய முதல் அறை உள்ளவை என்று இரு வடிவங்கள் உண்டு, இரண்டும் மாறிமாறி வரும் தலைமுறைகள். இது தெரியாத காலத்தில் ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டார்கள். இனம் பிரிக்கப் பெரும்பாலும் உதவுவது பெரிய கரு உள்ளவை.

பேரினம் தெரிந்த பிறகுதான் உண்மையான வகைப்பாடு தொடங்குகிறது. கருவைச் சுற்றி எத்தனை துணையறைகள் முளைத்திருக்கின்றன என்று எண்ணவேண்டும். காலம் செல்லச் செல்ல லெபிடார்பிட்டாய்டஸ் பரம்பரையில் அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. இப்படி எண்ணிப் பார்த்துப் பரம்பரையைத் தொடரும் முறைக்கு வழி திறந்தவர் ஜாவாவின் பாண்டுங்கில் பணியாற்றிய தான் சின் ஹோக். 1932இல் வேறொரு ஃபோரம் வகையில் செய்துகாட்டினார். பிறகு ஹாலந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் அதைப் பெரிதாக வளர்த்தார்கள். ஒரு ஓட்டை வைத்து முடிவு சொல்வதில்லை. ஒரே படுகையிலிருந்து பல ஓடுகளை வெட்டி, எண்ணி, சராசரி எடுத்த பிறகுதான் இனத்தின் பெயர் எழுதப்படுகிறது. எனக்கு இந்தப் பொறுமைமேல் பெரும் மதிப்பு உண்டு. பெயர் இங்கே தனி ஒன்றின் சொத்தல்ல, கூடி வாழ்ந்த ஒரு கூட்டத்தின் அளவு.

அந்தப் பெயர்தான் படுகையின் வயதைத் தருகிறது. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் ஓஎன்ஜிசி கிணறுகளிலும் ஆழத்திலிருந்து வரும் பாறைத்துகளில் ஃபோரம்களைப் பொறுக்கித்தான் எந்தக் காலத்தை எட்டியிருக்கிறோம் என்று பார்க்கிறார்கள். அங்கே பெரும்பாலும் மிதந்து வாழ்ந்த சிறு வகைகள்.

அரியலூர்க் கல் கொங்கு மண்ணுக்கு ஆய்வாகவும் வந்திருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் மு. ராம்குமார், ஜெர்மனியில் பணியாற்றிய ஸ்டூபன், பெர்னர் ஆகியோருடன் இந்தப் படிவுகளின் அடுக்குமுறையையும் கடல்மட்டம் ஏறி இறங்கியதையும் 2004இல் எழுதினார்.

குவாரி முகம் ஒவ்வொரு வெடிக்கும் பின்வாங்குகிறது. ஒவ்வொரு முகத்திலும் அடியிலிருந்து உச்சிவரை மீட்டருக்கு ஒரு கையளவுக் கல், உயரம் எழுதிய பையில் போட்டு, பக்கத்துக் கல்லூரிக்கோ அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ கொடுப்பது ஆலைகளுக்குப் பாரமில்லை. அதைச் சுரங்க அனுமதியின் நிபந்தனையாகவே எழுதலாம். இன்று வைத்த பெயரை நாளை ஒருவர் திருத்த நேர்ந்தால், அவர் அதே உயரத்துக் கல்லை மறுபடி அறுத்து, துணையறைகளை மறுபடி எண்ணியாக வேண்டும்.