நாற்காலி வந்த கதை

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் அங்குள்ள தானியக் களஞ்சியத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எத்தனை மூட்டை நெல் பிடிக்கும் என்று அண்ணாந்து பார்ப்பார்கள். சரி, அத்தனை நெல்லுக்கும் கணக்கு எழுதியவர் எதில் உட்கார்ந்து எழுதியிருப்பார்?

தரையில்தான்! ஓலையில் எழுத மேசை தேவையில்லை. இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி, சப்பணம் போட்டு உட்கார ஓர் இடம், அவ்வளவே. பிறகு காகிதமும் மையும் வந்தபோதும் கணக்குப்பிள்ளை தரையை விடவில்லை. எதிரே ஒரு சாய்வான கணக்குப்பெட்டியை வைத்துக்கொண்டார்.

1750-ல் செஞ்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1761-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. மேசை நாற்காலி போட்டு வேலை செய்யும் வழக்கம் இந்தக் கம்பெனிக்காரர்களோடுதான் நம் ஊர்களில் பரவியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தருக்குப் பெயர் 'ரைட்டர்'. நம் காவல் நிலையங்களில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது!

நாற்காலி வெளியிலிருந்து வந்தாலும் அதைச் செய்த கைகளில் நம்மூர்க் கைகளும் உண்டு. 17-ம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரைத் தச்சர்கள் ஐரோப்பியருக்காகக் கருங்காலி மரத்தில் நாற்காலி செய்தார்கள். பலவற்றில் இருக்கை பிரம்புப் பின்னல். காற்று புகும், வியர்வை தங்காது. பின்னாளில் நம் அரசு அலுவலகங்களிலும் பிரம்பு நாற்காலிகள் இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து பஞ்சு மெத்தை வைத்த நாற்காலிகள் வந்தன. 1994-ல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் ஏரான் என்ற நாற்காலியை வெளியிட்டது. பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் மெத்தையை எடுத்துவிட்டு வலையைப் பொருத்தினார்கள். பிரம்பு செய்த அதே வேலை! இன்னொரு புதுமையும் உண்டு. சட்டை போல அதை மூன்று அளவுகளில் விற்றார்கள்.

நாற்காலி வாங்குவோருக்கு இதில் பாடம் இருக்கிறது. விலையை விட அளவு முக்கியம். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். இடுப்புக்குப் பின்னால் தாங்கல் வேண்டும். உயரத்தைக் குறைக்க முடியாவிட்டால் காலடியில் ஒரு பலகை போதும். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அவ்வப்போது எழுந்து நடக்கத்தான் வேண்டும்.

ஆனால் தேர்ந்தெடுக்க நாற்காலியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், நண்பர்களே. துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்த பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018-ல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-ல் தமிழ்நாடும் 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்றது.

ஓலைக் கணக்கருக்குத் தரையாவது இருந்தது. கடைப் பெண்ணுக்கு ஒரு முக்காலி கிடைக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, அந்த முக்காலி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.