தொலைவை வென்ற மங்கையர்

சிங்கப்பூரில் தமிழர் நெருங்கிக் கூடும் சிராங்கூன் சாலைக்கு அருகே ரேஸ் கோர்ஸ் சாலை என்றொரு வீதி உண்டு. இன்று அங்குக் குதிரை எதுவும் ஓடுவதில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1843 தொடங்கி 1933 வரை அப்பகுதித் திடலில்தான் குதிரைப் பந்தயங்கள் நடைபெற்றன. பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தபின், ஃபேரர் பார்க் என வழங்கிய அத்திடல் பொதுமக்களின் விளையாட்டிடம் ஆயிற்று. 1942 பிப்ரவரி 17-ஆம் நாள், பிரிட்டிஷ் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும் அங்கேதான். அந்நிகழ்ச்சி பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதே திடலில் மாலைதோறும் வியர்வை சிந்தி ஓடிப் பழகியவர்களைப் பற்றி எழுதியோர் சிலரே. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடிய சி. குணாளன் அங்குப் பயின்றவர். அவர் பெயரையாவது மூத்த தலைமுறை மறக்கவில்லை. அவருக்குப் பின் வந்த பெண்களை நினைவுகூர்வோர் குறைவு.

1973-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியைச் சிங்கப்பூர் முதன்முறையாக ஏற்று நடத்தியது. காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் அப்போதுதான் புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. அங்கு நடந்த பெண்களுக்கான 200 மீட்டர் இறுதி ஓட்டத்தில், பர்மாவின் பேர்பெற்ற ஓட்டக்காரியான தான் தான் என்பவருடன் குளோரி பர்னபாஸ் மோதினார். குளோரி, இந்தியச் சமூகத்தைச் சேர்ந்த பள்ளியாசிரியை. வயதோ முப்பதைக் கடந்துவிட்டது. இருவரும் ஏறத்தாழ ஒரே கணத்தில் கோட்டைத் தொட்டனர். முந்தியவர் யாரென்று கண்ணால் கண்டோர் எவராலும் சொல்ல இயலவில்லை. நிழற்படத்தை ஆராய்ந்து நடுவர்கள் முடிவு கூறும்வரை நெடுநேரம் அரங்கம் காத்திருந்தது. அரை நிமிடத்திற்கும் குறைந்த ஓட்டத்திற்கு எத்துணை நீண்ட காத்திருப்பு! இறுதியில் தங்கம் குளோரிக்கே என்று அறிவிக்கப்பட்டது.

விரைவோட்டம் பெண்களுக்கு அன்று புதிதன்று. நெடுந்தொலைவு ஓட்டமோ வேறு கதை. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது, ஓடி முடித்த சிலர் களைத்து வீழ்ந்தனர் என்ற பேச்சு பரவிற்று. ஆண்கள் களைத்து வீழ்ந்தால் அதனை வீரம் என்பர். பெண்கள் வீழ்ந்தால் இயலாமை என்பர். அந்த ஓட்டம் நீக்கப்பட்டது. மீண்டும் சேர்க்கப்படுவதற்கு 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1,500 மீட்டருக்கு 1972-இல்தான் இடம் கிடைத்தது. 3,000 மீட்டரும், 42 கிலோமீட்டரைத் தாண்டும் மராத்தான் எனும் பெருநெட்டோட்டமும் 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லை.

இந்தப் பின்னணியில் நோக்கினால்தான் கே. ஜெயமணியின் அருமை விளங்கும். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்ணாகிய அவர், 1977-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 1,500 மீட்டர், 3,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். இவற்றுள் இரண்டாவது தொலைவை ஒலிம்பிக் பெண்களுக்கு வழங்குவதற்கு இன்னும் ஏழாண்டுகள் இருந்தன. 1983-இல் அப்போட்டி மறுபடியும் சிங்கப்பூருக்கு வந்தது. அம்முறை பெண்களுக்கான மராத்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஜெயமணி 3 மணி 2 நிமிடம் 46 வினாடியில் ஓடி முடித்து அதன் முதல் வெற்றியாளரானார். கிலோமீட்டர் ஒன்றுக்குச் சற்றேறக்குறைய 4 நிமிடம் 20 வினாடி. அதனை 42 முறை தொடர்ந்து செய்ய வேண்டும், அதுவும் மூச்சே வெந்நீராகும் இவ்வூர்ப் புழுக்கத்தில்! அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களின் முதல் ஒலிம்பிக் மராத்தானை வென்றது அதற்கும் ஓராண்டுக்குப் பின்னர்தான். பெனாய்ட் எடுத்த நேரம் மிகக் குறைவு என்பது உண்மை. ஆயினும் வாசல் திறக்கப்படுமுன் ஓடியவருக்கும் திறந்தபின் ஓடியவருக்கும் வேறுபாடு உண்டன்றோ?

ஓட்டம் இவ்விருவருக்கும் பிழைப்பன்று. அக்கால ஒலிம்பிக் மரபில் விளையாட்டிற்கு ஊதியம் பெறுவதே குற்றமாகக் கருதப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் பெண்களுக்கெனத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித்தொடர் ஒன்று தொடங்கிற்று. செல்வம் கொழித்த அந்நாட்டிலேயே அது 1981-இல் கலைந்து போயிற்று. அங்கேயே அந்நிலையென்றால், இச்சிறு தீவில் பகலெல்லாம் வகுப்பறையில் நின்ற குளோரி ஓட்டத்தால் என்ன ஊதியம் கண்டிருக்க முடியும்?

குளோரியின் பெயர் நாளேடுகளில் மீண்டும் பெரிதாக வந்தது 2015 ஜூன் மாதத்தில். பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் புதியது எழுந்திருந்தது. அங்குப் பதினெட்டு வயதுச் சாந்தி பெரேரா 200 மீட்டரை 23.60 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். தென்கிழக்காசியப் போட்டியில் அத்தொலைவில் சிங்கப்பூர்ப் பெண்ணொருவர் வெல்வது 42 ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதல்முறை. ஆகவே, முன்னர் வென்றவர் யார் என்று செய்தியாளர் தேடினர். சாந்தி பின்னர் 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றபோதும் இதே தேடல் நிகழ்ந்தது; அம்முறை அகப்பட்ட பெயர், 1974-இல் தெஹ்ரானில் 400 மீட்டரை வென்ற சீ சுவீ லீ. ஜெயமணியை அவ்வாறு தேடும் வாய்ப்பு இனி எவருக்கும் வாய்க்குமா என்பது ஐயமே. முதல் மராத்தானை ஒருவர்தான் வெல்ல முடியும்.

குளோரியோ, வகுப்பறைக் காலம் கடந்த பின்னரும் மூத்தோருக்கான ஓட்டப் போட்டிகளில் காலணி கட்டி இறங்கிக் கொண்டிருந்தார்.