கரடி இருக்கும் மலைக்கு ட்ரெக்கிங்: கையில் துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பா?

பெங்களூரில் வேலை பார்க்கும் பலருக்கு வார இறுதி என்றாலே மலைதான். நள்ளிரவில் காரை எடுத்து, இருட்டிலேயே ஏறி, சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்க வேண்டும். ஆனால் ராமநகரா, சாவனதுர்கா, துமகூரு பக்கத்துத் தேவராயனதுர்கா போன்ற பாறை மலைகளும் அவற்றைச் சுற்றியுள்ள புதர்க்காடுகளும் தேன்கரடி வாழும் இடங்கள். நீங்கள் ஏறும் அதே நேரத்தில்தான் அதுவும் இரை தேடி நடமாடும்.

அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் மலையேறுபவர் இடுப்பில் ஒரு பெரிய பிஸ்டல் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு, 'நாமும் லைசென்ஸ் எடுத்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?' என்று தோன்றலாம்.

சுருக்கமான பதில்: வேண்டாம். இங்கே சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கும் கைத்துப்பாக்கி கரடியை நிறுத்தப் போதாது. போதுமான துப்பாக்கி இருந்தாலும் அதை எடுத்துச் சுட நேரம் இருக்காது. சரணாலயத்துக்குள்ளோ அதைக் கொண்டுபோகவே கூடாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்ம ஊர் கரடி எப்படித் தாக்கும்?

தேன்கரடியின் முக்கிய உணவு கரையானும் எறும்பும்தான். பழங்களும் தேனும் பிடிக்கும். மனிதரை இரைக்காக அது தேடி வருவதில்லை. ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். மோப்பசக்தி மிக அதிகம், கண்பார்வை குறைவு. கரையான் புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தால், நீங்கள் பக்கத்தில் வரும்வரை கவனிக்காது. திடீரென்று கவனித்ததும் பயந்து, ஓடுவதற்குப் பதில் பாய்ந்துவிடும். முதுகில் குட்டியைச் சுமக்கும் தாய்க்கரடி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகியதால் வந்த குணம் இது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

தாக்கும்போது பெரும்பாலும் முகத்தையும் தலையையும் குறிவைக்கும். பிழைத்தவர்களில் பலர் கண்ணையோ தாடையையோ இழந்திருக்கிறார்கள். பெங்களூரில் வாழ்ந்த வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன், அரசிக்கெரே அருகே 12 பேரைக் கொன்ற ஒரு கரடியைப் பற்றி 1957-ல் வெளிவந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இன்றும் அதிகம் அடிபடுவது ட்ரெக்கிங் போகிறவர்கள் இல்லை. அதிகாலையில் வயலுக்கும், விறகுக்கும், ஆடு மேய்க்கவும் போகும் கிராமத்து மக்கள்தான்.

வெளிநாட்டில் என்ன துப்பாக்கி வைத்திருக்கிறார்கள்?

அலாஸ்கா போன்ற இடங்களில் பேசப்படும் பெயர்கள் .44 மேக்னம் ரிவால்வரும் 10 எம்எம் பிஸ்டலும். கிரீன்லாந்தில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை, பனிக்கரடிக்காக 10 எம்எம் க்ளாக் 20 வைத்திருக்கிறது.

தோட்டாவும் வேறு. மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கும் தோட்டா, உடலில் பட்டதும் விரியும் வகை. கரடிக்கு அது சரிவராது. அடர்ந்த ரோமம், தடித்த தோல், தசை, எலும்பு எல்லாவற்றையும் தாண்டி ஆழமாகப் போக வேண்டும். அதனால் விரியாத, கெட்டியான ஈயக் கலவைத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இங்கே உங்களுக்கு என்ன கிடைக்கும்?

துப்பாக்கி வைத்திருக்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். பெங்களூர் நகரத்தில் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் இருப்பதைக் காட்ட வேண்டும். 'வீக்எண்ட் ட்ரெக்கிங்' என்று எழுதினால் கிடைக்கும் என எதிர்பார்க்க முடியாது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 எம்எம் தோட்டாவைச் சுடும் பிஸ்டல்கள் தடைசெய்யப்பட்ட வகையில் வரும். சாதாரண லைசென்ஸ்காரர் பெரும்பாலும் வாங்குவது .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். கான்பூரில் தயாராகி 2014-ல் அறிமுகமான 'நிர்பீக்' ரிவால்வரும் .32 தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். .32 ரிவால்வர் தோட்டாவின் ஆற்றல் சுமார் 150 ஜூல். .44 மேக்னம் சுமார் 1000 ஜூல், சில வகைகளில் அதற்கும் மேல். அதாவது கரடிக்கென்று அங்கே பரிந்துரைக்கும் தோட்டாவில் ஆறில் ஒரு பங்கோ, ஏழில் ஒரு பங்கோதான் உங்கள் கையில் இருக்கும். 100 கிலோ கரடி கோபத்தில் பாயும்போது இது அதை நிறுத்தும் என்று நம்புவது வீண். காயம்பட்ட கரடி புதருக்குள் போய்ப் படுத்துவிட்டால், மறுநாள் அந்த வழியாக வரும் ஆடு மேய்ப்பவர் அதன் கோபத்துக்குப் பலியாவார்.

பெரிய துப்பாக்கி இருந்தால் தப்பிக்கலாமா?

கரடி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரைக் கடக்க ஒரே ஒரு நொடி. இருட்டில், மூச்சு வாங்கியபடி, உறையிலிருந்து எடுத்துக் குறிபார்க்க அந்த நேரம் போதுமா? நண்பர் மேல் கரடி விழுந்திருந்தால் தோட்டா யார் மேல் படும்?

அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 சம்பவங்களை டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலசி, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கியைப் பயன்படுத்திய சம்பவங்களில் 84 சதவீதம் பலன் கிடைத்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நெருக்கமான மோதல்களில், கையில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயம்பட்ட விகிதம் ஒன்றாகவே இருந்தது. கரடி ஸ்ப்ரே பற்றி இதே குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கமான மோதலில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை.

அப்போ பெப்பர் ஸ்ப்ரே போதுமா?

இரண்டும் ஒன்றல்ல. கரடி ஸ்ப்ரே பெரிய டப்பாவில் வரும். மேகம் போலப் பரவி, சுமார் 7 முதல் 9 மீட்டர் வரை போகும். கைப்பையில் வைக்கும் பெப்பர் ஸ்ப்ரே சில அடி தூரத்துக்கு மெல்லிய பீச்சாகத்தான் வரும்; காற்று எதிரே அடித்தால் உங்கள் கண்ணுக்கே திரும்பும். அதை நம்பி காட்டுக்குள் இறங்காதீர்கள். மனிதர்களோடு வரும் தகராறில் அதை எடுப்பதும் விளையாட்டல்ல: பெப்பர் ஸ்ப்ரேயை ஆபத்தான ஆயுதமாகக் கருதலாம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் தேன்கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மட்டுமல்ல, காயப்படுத்தினாலும், அதற்கு முயன்றாலும் 'வேட்டை'தான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம்.

தற்காப்புக்கு விலக்கு உண்டு. பிரிவு 11(2)-ன்படி, தன் உயிரையோ மற்றவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வதோ காயப்படுத்துவதோ குற்றமல்ல. ஆனால் கவனிக்க வேண்டிய ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் விலக்கு கிடையாது. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவுக்குள்ளோ காவிரி சரணாலயத்துக்குள்ளோ அனுமதியில்லாமல் நுழைந்தாலே சட்டமீறல். தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ முன்அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதைப் பிரிவு 31 தனியாகத் தடைசெய்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் இந்த அனுமதி ஆகாது. ஆக, திருட்டுத்தனமாக நைட் ட்ரெக் போனவர் கரடியைச் சுட்டால், உயிர் பிழைத்தாலும் தற்காப்பு என்ற வாதம் கைகொடுக்காது.

சரி, என்னதான் செய்வது?

- அனுமதி உள்ள பாதையில், பகலில் மட்டும் ஏறுங்கள். அதிகாலையும் அந்தி நேரமும் கரடியின் நேரம்.
- தனியாகப் போகாதீர்கள். கூட்டமாக, பேசிக்கொண்டே நடங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.
- பாறை இடுக்கு, குகை பக்கம் போகாதீர்கள். பகலில் கரடி ஓய்வெடுப்பது அங்கேதான்.
- புதிதாகத் தோண்டிய கரையான் புற்று, பழம் உதிர்ந்து கிடக்கும் மரம் கண்ணில் பட்டால் சத்தம் கொடுத்து விலகுங்கள்.
- நாயைக் கூட்டிப் போகாதீர்கள். அது கரடியைச் சீண்டிவிட்டு உங்களிடமே ஓடி வரும்.
- சாப்பாட்டுக் கழிவை மலையில் விடாதீர்கள்.

கரடி எதிரே வந்துவிட்டால்?

ஓடாதீர்கள், உங்களால் அதை முந்த முடியாது. மரமேறினாலும் பயனில்லை, அதற்கும் ஏறத் தெரியும். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். வழியை மறிக்காதீர்கள்.

பாய்ந்துவிட்டால் குப்புறப் படுங்கள். முகத்தைத் தரையோடு ஒட்டி, இரண்டு கைகளையும் கோத்துக் கழுத்தின் பின்புறத்தை மூடுங்கள். முதுகுப்பையைக் கழற்றாதீர்கள், அதுவும் ஒரு கவசம். கரடி விலகிப் போனது உறுதியாகும்வரை எழாதீர்கள்.

பிறகு 112-ஐ அழையுங்கள். கர்நாடக வனத்துறை உதவி எண் 1926. கடியோ நகக்கீறலோ எதுவானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தேவைப்படும் என்பதை டாக்டரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

துப்பாக்கி வாங்கக் கணக்குப் போட்டவர்கள் இந்த வாரமே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது: கிளம்பும் நேரத்தை நள்ளிரவிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். சூரிய உதய போட்டோ போகும். கரடியின் நேரத்தில் அதன் வழியில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.