அகலிகை: வால்மீகி முதல் புதுமைப்பித்தன் வரை

வால்மீகி ராமாயணத்தில் அகலிகை கல்லாவதில்லை. காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் தவமிருக்கிறாள். ஆச்ரமத்துள் எழுந்தருளிய இராமலக்ஷ்மணர்களே அவள் அடிபணிகின்றனர். கம்பரோ அவளைக் கல்லாக்கி, பெருமாள் திருவடித்துகளால் உயிர்ப்பிக்கிறார். சாபநிவிருத்தி திருவடி மகிமையாகிறது.

அக்கல்லையே புதுமைப்பித்தன் 1943இல் 'கலைமகள்' இதழில் எழுதிய 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதைக்குக் கருவாகக் கொண்டார். இராமாயணப் பயிற்சியுடையார்க்கு இக்கதை உவவாது போகலாம் என முகப்பிலேயே குறித்தார். அக்கதையில் அக்னிப்ரவேச வ்ருத்தாந்தத்தைப் பிராட்டி வாயிலாகக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். பிழைபட்ட தன்னை ஏற்றவர் பிழையற்றவளைச் சோதித்தாரே என்பது அவள் துயரம். உலகம் நம்பும்பொருட்டு என்பது வால்மீகியில் பெருமாள் கூறும் ஸமாதானம். கதையில் பிராட்டியும் அதையே சொல்கிறாள். அகலிகைக்கு அது போதவில்லை.

சிறையிருந்த பிராட்டியின் ஏற்றத்தைச் சொல்வதே ஸ்ரீராமாயணம் என்பது பிள்ளை லோகாசார்யர் நிர்வாஹம். தேவமாதரின் சிறையை விடுவிக்கத் தானே சிறைபுகுந்தாள் என்று அவள் துன்பத்தைக் க்ருபையாகக் கண்டனர் வ்யாக்யாதாக்கள். அவள்மேல் சுமத்தப்பட்ட அநீதியாகத் தீக்குளிப்பைக் கண்டார் புதுமைப்பித்தன். முடிபு வேறாயினும், காவியத்தைப் பிராட்டியின் பக்கம் நின்று நோக்குவதில் இரண்டும் ஒன்றே.